ரங்கூன்லேர்ந்து சென்னைக்கு ரெண்டரை மணி நேரம் இல்லைங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் பர்மாவுல பெகு பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து எழுதறேங்க. உளுந்து, பச்சப்பயறு வாங்கி விக்கிறதுதான் தொழில். உங்க பேப்பர் இங்க வராது, திருச்சியில இருக்கிற எங்க அத்தான் ஏதாவது நல்ல விஷயம் வந்தா போட்டோ புடிச்சு வைபர்ல அனுப்புவார், அப்படித்தான் போன வாரம் நீங்க போட்டிருந்த அந்த கட்டத்தையும் பாத்தேன். சென்னையிலேர்ந்து வெளிநாட்டு ஊருங்க எல்லாம் எத்தனை கிலோமீட்டர், ப்ளைட்ல எத்தனை மணி நேரம்னு வரிசையா போட்டிருந்தீங்க. அதுல யாங்கோனுக்கு, அதாவது எங்க ரங்கூனுக்கு, ஒரு வரி, 1,770 கி.மீ., ரெண்டரை மணி நேரம். அந்த ஒரு வரியைப் பத்தித்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நீங்க போட்ட தூரம் சரிதான். ரங்கூன் மிங்களாடோன் ஏர்போர்ட்டுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவுல நூல் புடிச்ச மாதிரி அளந்தா 1,770 கி.மீ. பக்கம்தான் வரும், எங்க கணக்குல 1,100 மைல், இங்க இன்னும் நாங்க மைல்லதான் பேசுவோம். சென்னையிலேர்ந்து டெல்லிக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவுதான் ரங்கூனுக்கும், பத்து கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கும். இதை நான் சொன்னா ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்க யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க, டெல்லின்னா நம்ம நாடு, பர்மான்னா எங்கேயோ கடலுக்கு அந்தப்பக்கம்னு மனசுல பதிஞ்சு போச்சு. மேப்பை எடுத்துப் பாருங்க, குறுக்க வங்காள விரிகுடா, அவ்வளவுதான். அந்தமான்ல இருக்கிற போர்ட் பிளேர் சென்னையிலேர்ந்து 1,370 கி.மீ., எங்க ரங்கூன்லேர்ந்து 690 கி.மீ.தான். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல பறக்குற ஜெட்டுக்கு ரெண்டு மணி நேரம் பறக்கறது, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரம், அதுவும் சரி. நேரா போற ப்ளைட்ல உக்காந்தா ரெண்டரை, ரெண்டே முக்கால்ல எறக்கி விட்டுடுவான்.

ஆனா நேரா போற ப்ளைட்டு தினமும் கிடையாதுங்க. நீங்க சென்னை டெல்லி மாதிரி காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு நெனைச்சுக்கக் கூடாது. அது இல்லாத நாள்ல போறவங்க எல்லாம் சுத்தித்தான் போகணும். பாங்காக் வழியா போனா ரங்கூன் பாங்காக் 600 கி.மீ., அங்கேர்ந்து சென்னை 2,230, மொத்தம் 2,800க்கு மேல. கோலாலம்பூர் வழியா போனா தெக்க 1,690 கி.மீ. எறங்கி, திரும்ப மேல 2,630 கி.மீ. வரணும், மொத்தம் 4,300 சொச்சம். சிங்கப்பூர்னா இன்னும் கூட, 4,860 கிட்ட. கல்கத்தா வழியா தூரம் கம்மி, 2,400 கி.மீ.தான், ஆனா இந்தியாவுல முதல்ல கால் வைக்கிற ஊர்ல இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் எல்லாம் முடிச்சு பெட்டியை எடுத்துத் திரும்ப உள்நாட்டு ப்ளைட்டுக்குப் போடணும், ரெண்டாவது ப்ளைட் எத்தனை மணிக்குன்னு பாத்து ராத்திரி அங்கேயே பெஞ்சுல உக்காந்து கழிக்கிறவங்க நெறைய பேர். பாங்காக்ல இன்னொரு வம்பு, அங்க ரெண்டு ஏர்போர்ட்டு, சுவர்ணபூமி ஒண்ணு, டான் முவாங் ஒண்ணு. வெல கம்மின்னு தனித்தனி டிக்கெட் போட்டு, இதுல எறங்கி அதுல ஏறணும்னு வந்துட்டா தாய்லாந்துக்குள்ள நொழைஞ்சு பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாப்பது அம்பது கிலோமீட்டர் ரோட்ல போகணும், அந்த ஊர் டிராபிக்ல. இதெல்லாம் ரெண்டரை மணி நேரம்ங்கிற அந்த வரிக்குள்ள எங்கேயும் இல்ல.

இதுக்குப் போய் ஏன் லெட்டர் எழுதறான்னு நெனைக்காதீங்க. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன்.

எங்க தாத்தா ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டதுக்கப்பறம் 1942ல நடந்தே இந்தியாவுக்குப் போனவர், பாட்டியும் கூட. மலையும் காடுமா லட்சக்கணக்கான ஜனங்க நடந்த நடை அது, வழியிலேயே போனவங்க எத்தனையோ ஆயிரம். அவங்க எப்படியோ ஊரு போய்ச் சேந்து, எங்க அப்பா அங்க கிராமத்துல பொறந்தார். சண்டை முடிஞ்சு தாத்தா குடும்பத்தோட திரும்ப இங்க வந்தார், வந்தப்பறம் அத்தை பொறந்தாங்க. அண்ணன் அங்க பொறந்தவர், தங்கச்சி இங்க பொறந்தவங்க. 1964ல இங்க கடை கண்ணி எல்லாத்தையும் கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, அப்போ லட்சத்துக்கு மேல நம்ம ஜனங்க கையில இருந்ததை விட்டுட்டு கப்பல் ஏறிப் போனாங்கல்ல, அந்தக் கூட்டத்துல அத்தையும் மாமாவும் 1965ல போயிட்டாங்க. அத்தைக்கு கல்யாணம் ஆயி ஆறு மாசம்தான். அப்பா தாத்தாவைப் பாத்துக்க இங்கேயே நின்னுட்டார். கப்பல்ல மெட்ராசுக்கு அப்போ மூணு நாலு நாள். அத்தை முதல்ல கேம்ப்ல இருந்து, அப்பறம் திருச்சி பர்மா காலனியில வீடு கெடைச்சு அங்கேயே தங்கிட்டாங்க. வியாசர்பாடி, காரைக்குடின்னு எல்லா எடத்துலயும் இப்படி பர்மாக்காரங்க குடியிருக்காங்க, உங்களுக்கே தெரியும், சென்னையில பர்மா பஜாருக்குப் பேர் வந்ததும் அவங்களாலதான். அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரும் அதுக்கப்பறம் நேர்ல பாத்துக்கிட்டது ரெண்டே ரெண்டு தடவை.

அத்தை இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. புதன்கிழமை விடிய அத்தான் போன் பண்ணினார். முந்தின மாசமே அத்தைக்கு முடியலன்னு சொன்னதால நானும் அப்பாவும் விசா எடுத்து வச்சிருந்தோம், அதனால உடனே டிக்கெட் பாத்தோம். அன்னைக்கும் மறுநாளும் நேர் ப்ளைட் இல்ல. டிக்கெட் போடுறவர் கோலாலம்பூர் வழியா வியாழக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு இருக்குன்னார், சரின்னு எடுத்தாச்சு. நான் அத்தான்கிட்ட வியாழக்கிழமை காலையில பதினொண்ணு இருபதுக்கு ப்ளைட்டுன்னு மட்டும்தான் சொன்னேன், போன்ல அந்தப்பக்கம் ஒரே அழுகைச் சத்தம், அதுக்கு நடுவுல எங்க எறங்கி எங்க ஏறுறோம்னு எல்லாம் எங்க பேசறது. அவர் கணக்குப் போட்டுக்கிட்டார். ரங்கூன் சென்னை ரெண்டரை மணி நேரம், ரெண்டு மணிக்கெல்லாம் எறங்கிடுவாங்க, காரை அனுப்பினா ராத்திரி எட்டு மணிக்கு வீடு, மாமா (எங்க அப்பாவைத்தான் சொல்றார்) வந்து கோடி போட்டதும் எடுத்துடலாம்னு எல்லாருக்கும் சொல்லியும் விட்டுட்டார். அந்த ரெண்டரை மணி நேரம் அவருக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா இந்த மாதிரி ஒரு கட்டத்துலேர்ந்துதான். அவரை நான் குத்தம் சொல்லல, அச்சடிச்சு வந்த நம்பரை நம்புறது தப்பா?

பொறந்த வீட்டுக் கோடின்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அண்ணன் உயிரோட இருக்கறப்ப அவர் கையால போடுற சேலைதான் பொம்பளைக்குக் கடைசிச் சேலை. அப்பா புதன்கிழமையே ரங்கூன் போய் அரக்குக் கலர்ல பச்சக்கரை போட்ட சேலை ஒண்ணு எடுத்து, முந்தியில மஞ்சள் தடவி, ஒரு துணிப்பையில வச்சுக்கிட்டார். பெட்டியில போட மாட்டேன்னுட்டார். பெட்டி காணாப் போயிட்டா என்ன பண்றதுன்னு கேட்டார்.

வியாழக்கிழமை விடியக்காலை அஞ்சு மணிக்கு கிராமத்துலேர்ந்து கிளம்பினோம். வழியில நிறுத்தி செக் பண்றதுக்கு ஆகுற நேரம் எவ்வளவுன்னு யாராலும் சொல்ல முடியாது, அதனால சீக்கிரம் கிளம்பறதுதான் இங்க வழக்கம். எட்டு மணிக்கு ஏர்போர்ட், பதினொண்ணு இருபதுக்கு ப்ளைட், கோலாலம்பூர்ல எறங்கறப்ப அங்க மணி மூணு அம்பது. அப்பா கையில கட்டியிருந்த வாட்ச்சுல ரெண்டு இருபது. அவர் முள்ளைத் திருப்பல. அங்கேர்ந்து ராத்திரி ஒம்பதரைக்குத்தான் சென்னை ப்ளைட்.

நான் உக்கார எடம் பாத்து அப்பாவை உக்கார வச்சுட்டு அத்தானுக்கு போன் போட்டேன். நாங்க கோலாலம்பூர்ல இருக்கோம், ராத்திரி பதினொரு மணிக்கு சென்னை, வீட்டுக்கு வர விடிஞ்சுடும்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஐஸ் பெட்டியில ரெண்டு ராத்திரி ஆயிடுச்சுடா, மூணாவது ராத்திரிக்குப் பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்களேன்னார். அப்பறம் கேட்டுட்டு சொல்றேன்னு வச்சுட்டார்.

அப்பா மடியில பையோட உக்காந்திருந்தார். கொஞ்ச தூரத்துல ஒரு பெரிய க்யூ, அத்தனை பேரும் தமிழ்ல பேசிக்கிட்டு, கையில போர்வை மூட்டை, மைலோ டின்னு, பால் பவுடர் டப்பா. அதுல ஒரு அம்மா அப்பா வேட்டியைப் பாத்துட்டு, எந்த ஊருங்கய்யா போறீங்கன்னு கேட்டாங்க. அப்பா திருச்சின்னார். அப்ப இங்க வாங்கய்யா, க்யூ இதுதான், கதவைத் தொறக்கப் போறாங்கன்னு சொன்னாங்க.

எனக்கு அப்பத்தான் தெரியுது கோலாலம்பூர்லேர்ந்து திருச்சிக்கே நேரா ப்ளைட் இருக்குன்னு. ஓடிப்போய்க் கேட்டேன், பெட்டி சென்னைக்குப் போட்டாச்சு, இதுல சீட்டும் இல்லன்னுட்டாங்க. அந்த ப்ளைட்டு சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு கிளம்பி, நம்ம ஊர் நேரத்துக்கு ஏழே காலுக்கு திருச்சியில எறங்கும். எட்டு மணிக்கு வீட்டுல இருந்திருப்போம், அத்தான் எல்லாருக்கும் சொல்லி விட்டிருந்த அதே எட்டு மணி. டிக்கெட் போட்டுக் குடுத்தவர்கிட்ட நாங்க திருச்சிக்குப் போறோம்னு ரெண்டு தடவை சொன்னோம், அவர் இந்தியாவுக்குன்னா சென்னைன்னு போட்டுட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடி அத்தையை எடுத்துட்டாங்க. பங்காளி வீட்டுல ஒருத்தர் கோடி போட்டாராம். நாங்க சென்னையில எறங்கி, இமிக்ரேஷன் முடிச்சு வெளிய வர பன்னெண்டேகால், காரைப் புடிச்சு 330 கி.மீ. போய் வீட்டுப் படி ஏறறப்ப காலையில ஆறேகால். வாசல்ல பந்தல் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க ஊர் நேரம் விடியக்காலை அஞ்சுன்னா இந்தியாவுல நாலு. அந்த நாலுலேர்ந்து மறுநாள் ஆறேகால் வரைக்கும் இருபத்தாறேகால் மணி நேரம். அதுல நாங்க வானத்துல இருந்தது ஏழு மணி நேரம் மட்டும், மிச்சம் பத்தொம்பதேகால் மணி நேரமும் தரையிலதான். உங்க கட்டத்துல இருக்கிறது ரெண்டரை.

நேரக் கணக்குலயும் ஒரு விஷயம் இருக்கு, இதை படிச்சவங்க கூட தப்பா போடுறாங்க. கிரீன்விச் நேரத்துலேர்ந்து இந்தியா அஞ்சரை மணி நேரம் முன்னாடி, பர்மா ஆறரை, தாய்லாந்து ஏழு, மலேசியாவும் சிங்கப்பூரும் எட்டு. டிக்கெட்டுல அச்சடிக்கிறது அந்தந்த ஊர் நேரம். எங்களுக்கு டிக்கெட்டுல கிளம்பறது 11.20, சென்னையில எறங்கறது 23.00னு இருந்துச்சு. அதைக் கழிச்சுப் பாத்துட்டு டிக்கெட் போடுறவர் பதினொண்ணு நாப்பது மணி நேரப் பயணம்னார். நிஜத்துல பன்னெண்டு நாப்பது, ஏன்னா சென்னையில பதினொரு மணின்னா இங்க பன்னெண்டு. இங்கேர்ந்து இந்தியா போறப்ப டிக்கெட்டுல ஒரு மணி நேரம் கம்மியா தெரியும், திரும்பி வர்றப்ப ஒரு மணி நேரம் கூடத் தெரியும். நடுவுல வேற நாட்டுல எறங்கினா முள்ளு முன்ன பின்ன ரெண்டு தடவை ஆடும். வழி சுலபம்தான், கிளம்பற நேரத்தையும் போய்ச் சேர்ற நேரத்தையும் ஒரே ஊர் கடிகாரத்துக்கு மாத்திட்டு அப்பறம் கழிக்கணும். எங்க அப்பா முள்ளைத் திருப்பாம வச்சிருந்ததால அவருக்கு மட்டும்தான் வழியெல்லாம் சரியான கணக்கு தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

அய்யா, உங்களால முடிஞ்சா அந்தக் கட்டத்தைத் திருப்பிப் போடுங்க. தூரத்தை எடுக்க வேண்டாம், அது இருக்கட்டும், பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு உதவும். ஆனா அதுக்குப் பக்கத்துலயே நேர் ப்ளைட் தினமும் உண்டா இல்லையா, இல்லன்னா எந்த ஊர் வழியா, அப்படிப் போனா மொத்தம் எத்தனை மணி நேரம் ஆகும்னு போடுங்க. மணி வித்தியாசத்தையும் போடுங்க. சென்னையை மட்டும் வச்சு எழுதாதீங்க, பர்மாக்காரங்க சொந்தம் பாதிப்பேர் திருச்சி, காரைக்குடி, மதுரைப் பக்கம்தான். ரங்கூனுக்கும் திருச்சிக்கும் நேர்க்கோட்டுல 2,000 கி.மீ., ஆனா கோலாலம்பூர்ல மாறி திருச்சியிலேயே எறங்கினா காருக்கும் அலைய வேண்டாம், ஒரு ராத்திரி மிச்சம். இது தெரியாம எங்களை மாதிரி சென்னைக்குப் போய்த் திரும்ப தெக்க வர்றவங்க இன்னும் எத்தனை பேர் இருக்காங்களோ. பஸ்ஸுக்கு, ரயிலுக்கு எல்லாம் எங்க மாறணும்னு போடுறீங்க, ப்ளைட்டுக்கும் அதே மாதிரி போட்டா போதும்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஊர் உளுந்துதான் உங்க ஊர் இட்லிக்கு வருது, நான் கட்டுற மூட்டைங்க கப்பல்ல ஏறி எத்தனாம் தேதி மெட்ராஸ் துறைமுகத்துல எறங்கும், நடுவுல எந்த துறைமுகத்துல நிக்கும்னு எனக்குப் பேப்பர்ல எழுதியே குடுக்கறாங்க. மனுசன் போறதுக்கும் அந்த விவரம் கையில இருக்கணும்ல. கல்யாணம்னா தேதி முன்னாடியே தெரியும், சாவுக்கு அப்படி இல்லையே. சாவு வீட்டுல இருக்கிறவங்க வழி விசாரிக்கற நெலமையில இருக்க மாட்டாங்க, கையில எது கெடைக்குதோ அந்த நம்பரைத்தான் புடிச்சுக்குவாங்க.

அப்பா கருமாதி வரைக்கும் இருந்துட்டு வந்தார். அந்தச் சேலையை பதினாறாம் நாள் படையல்ல அத்தை போட்டோவுக்கு முன்னாடி வச்சு எடுத்து, அத்தை மகளுக்குக் கட்டிக்கக் குடுத்துட்டார். அந்தக் க்யூவுல கூப்பிட்ட அம்மாவைப் பத்தி மட்டும் இன்னும் அடிக்கடி கேப்பார், அவங்க எந்த ஊரா இருக்கும்னு.

பங்குனி மாசம் எங்க பக்கத்துலேர்ந்து ஒரு பதினஞ்சு பேர் குலதெய்வம் கும்பிட அங்க வர்றாங்க, பாதிப்பேர் முதல் தடவை ப்ளைட் ஏறுறவங்க. அதுக்கு முன்னாடி நீங்க புதுசா போட்டா அத்தான் அனுப்புவார், நான் அவங்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் குடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பெகு, பர்மா